பவுடர் டப்பாவை வாங்கும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் உணவியல் ஆலோசகர். ஜிம்முக்குப் போகும் தம்பிகள் என்னிடம் வந்து உட்கார்ந்ததும், தசை வளரச் சாப்பிடும் பவுடர், மாத்திரை போன்ற சப்ளிமென்ட்களைப் பற்றிக் கேட்கும் கேள்வி, "எந்த பிராண்டு நல்லது?" என்பதுதான். பிராண்டை அப்புறம் பார்க்கலாம். அதைச் சாப்பிட்டு உங்களுக்கு என்ன மாறவேண்டும், மாறியதா என்று எப்படிக் கண்டுபிடிக்கப் போகிறீர்கள்? இதற்குப் பதில் இல்லாமலே மூவாயிரம், நாலாயிரம் என்று கொடுத்துவிட்டு வருகிறார்கள். அதில் பலர் அப்போதுதான் வேலைக்குப் போகத் தொடங்கியவர்கள். பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

"என் ஃப்ரெண்டுக்கு நல்ல ரிசல்ட் சார்" என்பார்கள். அந்த நண்பர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அதை வைத்து முடிவெடுக்க முடியாது. 1972-இல் அமெரிக்காவில் ஏரியல், சாவில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பளு தூக்கிப் பழகிய ஆறு பேருக்கு, டயனபால் என்ற, தசையை ஏற்றும் ஸ்டீராய்டு மருந்து தருவதாகச் சொல்லி, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைக் கொடுத்தார்கள். அடுத்த நான்கு வாரங்களில் அவர்கள் தூக்கும் எடை முன்னைவிட வேகமாக ஏறியது. நம்பிக்கை வந்தால் கூடுதலாக ஒரு ரெப் போடுகிறோம், அதாவது இன்னொரு முறை தூக்கி இறக்குகிறோம். பணம் கொடுத்து டப்பா வாங்கிவிட்டால் ஜிம்முக்கு மட்டம் போடுவதில்லை, முட்டையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறோம். பலன் உண்மைதான், அது டப்பாவிலிருந்து வந்ததா என்பது வேறு கேள்வி. அதனால்தான், யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாவு என்று தெரியாமல் கொடுத்து நடத்திய சோதனைகளை நான் தேடிப் பார்க்கிறேன்.

அந்தச் சோதனைகளில் திரும்பத் திரும்பத் தேறிய பொருள் கிரியேட்டின் மோனோஹைட்ரேட். நம் உடம்பே தினமும் ஏறக்குறைய ஒரு கிராம் கிரியேட்டினைத் தயாரிக்கிறது. மீனிலும் இறைச்சியிலும் கொஞ்சம் கிடைக்கிறது. வாயால் சாப்பிட்டால் தசையில் அதன் இருப்பு கூடும் என்று 1992-இல் ஹாரிஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் காட்டினார்கள். கனமான எடையைச் சில விநாடிகள் தூக்கும்போது தசை செலவழிக்கும் சக்தியை உடனே திருப்பி நிரப்ப அது உதவுகிறது. அதனால் ஒரு செட்டில், அதாவது இடைவிடாமல் தூக்கும் ஒரு சுற்றில், ஒன்றிரண்டு ரெப் அதிகம் போகலாம். மாதக்கணக்கில் அது சேரும்போதுதான் பலன் தெரியும். ஒரு நாளைக்கு 3 முதல் 5 கிராம் போதும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தசையில் இருப்பு குறைவு என்பதால், அவர்களுக்கு ஏற்றம் அதிகமாக இருக்கும். முதல் வாரத்தில் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ கூடினால் பெரும்பாலும் தண்ணீர்தான். தசை என்று நினைத்துச் சந்தோஷப்பட வேண்டாம்.

புரோட்டீன் பவுடர் வேறு ரகம். அதில் வே (whey) என்ற ரகம் பாலிலிருந்து சீஸ் எடுத்தபின் மிஞ்சும் நீரிலிருந்து வருகிறது. அதுவும் சாப்பாடுதான். 2018-இல் 49 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், எடைப் பயிற்சி செய்கிறவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் வரைதான் கூடுதல் புரதத்தால் பலன் தெரிந்தது. 60 கிலோ தம்பி என்றால் நாளொன்றுக்கு நூறு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு முட்டையில் 6 கிராம். காய்ந்த சோயா சங்ஸ் 50 கிராம் எடுத்தால் 25 கிராமுக்கு மேல். ஒரு கை நிலக்கடலையில் 7 கிராம். நேற்று காலையிலிருந்து இரவு வரை சாப்பிட்டதை எழுதிக் கூட்டிப் பாருங்கள். 20 கிராம் குறைகிறது, சமைக்க நேரமில்லை என்றால் ஒரு ஸ்கூப் எடுப்பதில் தப்பில்லை. குறையவே இல்லை என்றால் எதற்கு வாங்க வேண்டும்?

சரி, கடைக்குப் போய்விட்டீர்கள். டப்பாவின் முன்பக்கத்தில் இருக்கும் புஜத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைத் திருப்புங்கள். எந்தப் பொருள் எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. உடல் எடையை ஏற்றும் என்று விற்கிற மாஸ் கெயினர் டப்பாக்களில் பெரும்பாலும் முதலில் நிற்பது மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது மாவுச்சத்தை உடைத்துச் செய்த மாவு. புரோட்டீன் விலை கொடுத்து நீங்கள் தூக்கி வருவது அதைத்தான். அடுத்து, ஒரு ஸ்கூப் எத்தனை கிராம், அதில் புரதம் எத்தனை என்று பாருங்கள். 33 கிராம் ஸ்கூப்பில் 24 கிராம் என்றால் நியாயம். 100 கிராமில் 15 என்றால் வைத்துவிட்டு வாருங்கள். பொருள்களின் அளவைத் தனித்தனியாகச் சொல்லாமல் "சிறப்புக் கலவை" என்று ஒரே எண்ணில் மூடியிருந்தாலும் வேண்டாம். வேலை செய்யும் அளவு உள்ளே இருக்கிறதா என்று அதில் பார்க்கவே முடியாது.

லேபிளே பொய் சொன்னால்? அதுவும் நடக்கிறது. இந்தியச் சந்தையில் வாங்கிய 36 புரோட்டீன் பவுடர்களைக் கேரள மருத்துவர்கள் உள்ளிட்ட குழு பரிசோதித்து 2024-இல் வெளியிட்டது. ஏறக்குறைய எழுபது சதவீதத்தில் லேபிளில் போட்ட புரத அளவு சரியாக இல்லை. சிலவற்றில் பாதிதான் இருந்தது. சாதாரணப் பரிசோதனை நைட்ரஜனை அளந்து புரதத்தைக் கணக்கிடுகிறது. அதனால் கிளைசின், டாரின் போன்ற நைட்ரஜன் உள்ள மலிவான பொருள்களைச் சேர்த்தே எண்ணிக்கையை ஏற்றிவிடலாம். அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் எண் இருந்தால் கம்பெனிக்கு உரிமம் இருக்கிறது என்றுதான் பொருள். ஒவ்வொரு பேட்சையும், அதாவது ஒரே தடவையில் தயாரித்த தொகுதியையும், அரசு சோதித்தது என்று பொருளில்லை. இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் போன்ற வெளி அமைப்பின் முத்திரை இருந்தால், டப்பாவிலுள்ள பேட்ச் எண்ணை அவர்கள் தளத்தில் நீங்களே சரிபார்க்கலாம்.

போட்டிக்குப் போகிறவர்கள் இதில் அலட்சியமாக இருக்கவே கூடாது. ஜெர்மனியின் கொலோன் நகர ஆய்வகம் 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமென்ட்களைச் சோதித்தபோது, 94-இல் லேபிளில் சொல்லாத, போட்டிகளில் தடைசெய்யப்பட்ட ஸ்டீராய்டு கலந்திருந்தது.

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை ஏற்றும் என்று விற்கிற மாத்திரைகள் பலவற்றில் இருப்பது டிரிபுலஸ், நம் ஊர் நெருஞ்சிதான். சித்த வைத்தியத்தில் சிறுநீர்க் கோளாறுகளுக்குக் கொடுப்பார்கள். ஆனால் 2007-இல் ஆஸ்திரேலிய ரக்பி வீரர்களுக்கு ஐந்து வாரம் கொடுத்துப் பார்த்ததில், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிடப் பலமும் கூடவில்லை, தசையும் கூடவில்லை. புரதத்திலுள்ள மூன்று அமினோ அமிலங்களை மட்டும் தனியாக விற்கும் பி.சி.ஏ.ஏ.வும் அப்படித்தான், புரதம் போதுமான அளவு சாப்பிடுகிறவருக்குத் தேவையில்லை.

இத்தனையும் பார்த்தபிறகு முயன்று பார்க்கலாம் என்று தோன்றினால், ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. மூன்று டப்பாவைச் சேர்த்துத் தொடங்கினால் எது வேலை செய்தது, எது வயிற்றைக் கெடுத்தது என்று தெரியாது. ஒரு நோட்டுப் போட்டு, டப்பா தொடங்குவதற்கு முன்பே இரண்டு மூன்று வாரம் எழுதுங்கள்: படுத்தபடி எடை தூக்கும் பெஞ்ச் பிரஸ்ஸில் எத்தனை கிலோ, எத்தனை ரெப், காலையில் உடல் எடை, இடுப்புச் சுற்றளவு, தூக்கம். அப்புறம் எட்டு வாரம் அதே பயிற்சி, அதே சாப்பாடு, கூடவே அந்த ஒரு பொருள். நோட்டில் மாற்றம் இல்லை என்றால் இரண்டாவது டப்பா வாங்காதீர்கள்.

ஜிம்மிலேயே லேபிள் இல்லாத பொட்டலமோ, ஊசியோ யாராவது நீட்டினால் அது சப்ளிமென்ட் இல்லை. உடனே வெளியே வந்துவிடுங்கள், தம்பி.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பிரஷருக்கோ சர்க்கரைக்கோ மருந்து சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம். கிரியேட்டின் சாப்பிடுகிறவர்கள் ரத்தப் பரிசோதனைக்குப் போனால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கிரியேட்டின் உடம்பில் சிதைந்து உண்டாகும், 'கிரியேட்டினின்' (creatinine) என்ற கழிவுப்பொருளின் அளவு ரத்தத்தில் கொஞ்சம் ஏறித் தெரியும். காரணம் தெரியாவிட்டால் டாக்டர் சிறுநீரகத்தைச் சந்தேகப்படுவார், வீட்டிலும் எல்லோரும் பயந்துபோவார்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.