ஒரேயடியாகப் போய்விட வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

உலகமே அழிகிற மாதிரி ஒரு பேரிடர் வருகிறது, அதில் தப்பிப் பிழைக்க உங்களுக்கு ஒரு வழி கிடைக்கிறது என்றால் பிழைத்திருக்க ஆசைப்படுவீர்களா? இதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசுங்கள் என்று வானொலி நிலையத்தார் கேட்டபோது, தெரிந்த நாலு பேரிடம் முதலில் கேட்டுப் பார்த்தேன். ஒருவர்கூட யோசிக்கவில்லை. "ஐயையோ, வேணாம்ப்பா. போனா ஒரேயடியாப் போயிடணும்." எல்லோருக்கும் இதேதான், வார்த்தை மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே. ஒருவர் இன்னும் ஒருபடி மேலே போய், "முதல் குண்டு நேரா என் தலையிலேயே விழட்டும், யாருக்கும் தொந்தரவு இல்ல" என்றார். சொல்லிவிட்டு, பிரஷர் மாத்திரை போட நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.

அவர் சொன்னதைவிட அவர் எழுந்து போனதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

நான் ஓய்வு பெற்ற நர்ஸ். 26 ஆண்டுகள் டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்த்தேன். இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தவருக்கு ரத்தத்தை வெளியே எடுத்து, மிஷினில் ஓடவிட்டுச் சுத்தம் செய்து, திரும்ப உடம்புக்குள் செலுத்துகிற இடம். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். வாரத்தில் இரண்டு தடவை, பலருக்கு மூன்று தடவை. ஆயுள் முழுக்க, அல்லது மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும் வரை. உலகம் அழிவதைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். ஒட்டுமொத்த உலகம் அழிந்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொருவருடைய உலகமாக அழிந்து, மறுவாரம் அவர் அதே நாற்காலிக்கு வந்து உட்கார்வதைப் பார்த்திருக்கிறேன்.

கணக்கர் ஒருவர் வந்தார். முதல் நாள், கையைக் கட்டிக்கொண்டு மிஷினையே முறைத்துப் பார்த்தார். "இந்தக் குழாயில மாட்டிக்கிட்டு இழுத்துக்கிட்டுக் கிடக்கிறதுக்கு, போனா ஒரேயடியாப் போயிடணும் சிஸ்டர்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. முதல் நாள் அநேகமாக எல்லோரும் சொல்வதுதான், அன்றைக்குப் பதில் சொல்லக் கூடாது என்பது இந்த வேலையில் கற்றுக்கொண்ட பாடம். அவருக்குக் கையில் ஃபிஸ்டுலா போட்டிருந்தார்கள். தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்துவிடுவார்கள், ஊசி போட வாகாக அந்தச் சிரை தடித்துக்கொள்ளும். மணிக்கட்டுக்கு மேலே விரலை வைத்தால் பூனை உறுமுவதுபோல ஓர் அதிர்வு தெரியும். தினமும் காலையில் அதைத் தொட்டுப் பாருங்கள், அதிர்வு நின்றிருந்தால் உடனே வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

மூன்றாம் மாதம் அதே மனிதர் கால் மணி நேரம் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருப்பார். கையில் ஒரு நோட்டு. வருகிறபோது எடை, போகிறபோது எடை, ஊசி ஏறிய நேரம், இறங்கிய நேரம், எல்லாம் கோடு போட்டு எழுதி வைத்திருப்பார். பத்து நிமிடம் தாமதமாக ஆரம்பித்தால், "நாலு மணின்னா நாலு மணி சிஸ்டர், மூணே முக்காலை நாலுன்னு என்கிட்ட எழுதாதீங்க" என்று சண்டைக்கு வருவார். ஒரேயடியாகப் போய்விட வேண்டும் என்று சொன்னவர் அந்தப் பத்து நிமிடத்துக்காக மல்லுக்கு நின்றார். நான் அதை அவரிடம் சொல்லிக்காட்டியதில்லை. முதல் நாள் அவர் பொய் சொன்னார் என்றும் நான் நினைக்கவில்லை. மூன்று மாதம் கழித்து அந்த நாற்காலியில் உட்காரப்போகிற ஆளுக்காக முதல் நாள் ஆள் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

இது என் வார்டில் மட்டும் நடக்கிற கதையல்ல. மூளைத்தண்டு பாதிக்கப்பட்டு, அறிவு தெளிவாக இருந்தும் கைகால் அசைக்க முடியாமல், வாய் பேச முடியாமல், கண்ணசைவால் மட்டும் பதில் சொல்லக்கூடிய நிலை ஒன்று உண்டு. அதில் இருந்தவர்களிடம் கேள்வி கேட்டு 2011-ல் ஓர் ஆய்வு வெளியானது. பதில் கணக்கில் எடுக்கப்பட்ட 65 பேரில் 47 பேர் மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள். 18 பேர் இல்லை என்றார்கள். அந்த 18-ஐ மறைக்கக் கூடாது. பதிலே சொல்லாதவர்கள் இன்னும் வருத்தத்தில் இருந்திருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் நாம் வெளியே நின்றுகொண்டு அந்த நிலையைக் கற்பனை செய்தால் 47 என்ற எண் நம் வாயில் வருமா?

பனிப்போர்க் காலத்தில் இதைப் பெரிய அளவில் கேட்டார்கள். அணு ஆயுதப் போரைப் பற்றி 1960-ல் ஒரு தடித்த நூல் எழுதிய ஹெர்மன் கான் என்ற அமெரிக்கர், பிழைத்தவர்கள் செத்தவர்களைப் பார்த்துப் பொறாமைப்படுவார்களா என்று ஓர் அத்தியாயத்துக்கே தலைப்பு வைத்தார். அட்டவணைகளாகப் போட்டு, பெரும்பாலோர் இயல்பாகவே வாழலாம் என்று முடித்தார். படித்தவர்கள் கொதித்துப்போனார்கள். எனக்கும் அந்த மனிதரின் தொனி பிடிக்காது. சாவைச் சரக்குக் கணக்கு மாதிரி எழுதுகிறவர். ஆனால் பொறாமைதான் படுவார்கள் என்று அடித்துச் சொன்னவர்களும் அவரைப் போலவே காற்றோட்டமான அறையில் உட்கார்ந்துதான் சொன்னார்கள்.

நம்முடைய "ஒரேயடியாக" என்ற சொல்லில் ஒரு கோளாறு இருக்கிறது. அந்த வசதியை எந்தப் பேரிடரும் எல்லோருக்கும் தருவதில்லை. அமெரிக்காவும் ரஷ்யாவும் முழு அளவில் அணு ஆயுதப் போரில் இறங்கினால் என்ன ஆகும் என்று கணக்கிட்ட ஓர் ஆய்வு 2022-ல் வந்தது. எரிகிற நகரங்களின் கரிப்புகை மேலே போய் வெயிலை மறைக்கும், விளைச்சல் விழும், 500 கோடிக்கும் மேற்பட்டோர் சாகலாம் என்றது. குண்டில் சாகிறவர்களைவிடப் பல மடங்கு அதிகம் பேர் பட்டினியில், மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சாவார்கள். ஆகவே அந்த நண்பரின் தலையில் முதல் குண்டு விழ வாய்ப்பு குறைவு. அவருக்குக் கிடைக்கப்போவது மறுநாள் காலை. அதற்கடுத்த காலை. கேள்வி ஒரு தடவை வந்துவிட்டுப் போகாது. தினமும் வரும், அதுவும் இவ்வளவு பெரிய கேள்வியாக வராது. தண்ணீர் எங்கே, பிள்ளை எங்கே என்றுதான் வரும்.

ஹிரோஷிமாவில் 1945 ஆகஸ்ட் 6 காலையில் குண்டு விழுந்தது. மத்திய வங்கியின் கிளை 8-ம் தேதி திறந்துவிட்டது. 9-ம் தேதி ஒரு சிறு தூரத்துக்கு டிராம் ஓடியது. சாம்பலாகக் கிடக்கிற ஊரில் டிராமை ஓட்ட ஒருவர் வேலைக்கு வந்திருக்கிறார், ஏறிக்கொள்ள ஆள் நின்றிருக்கிறது. இதை வீரம் என்று சொல்லிவிட்டால் விஷயம் கைநழுவிப் போய்விடும். பிழைத்திருப்பதா வேண்டாமா என்று முடிவெடுத்துவிட்டா அவர்கள் டிராமில் ஏறியிருப்பார்கள்? எங்கேயோ போக வேண்டியிருந்திருக்கும்.

வானொலியில் பேசுவதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. இரண்டாம் உலகப் போரில் ரஷ்யாவின் லெனின்கிராடு நகரத்தை ஜெர்மன் படைகள் 1941 செப்டம்பரில் முற்றுகையிட்டன. 1944 ஜனவரி வரை, 872 நாள். முதல் குளிர்காலத்தில் வேலைக்குப் போகாதவருக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி, அதிலும் மாவல்லாத கலப்படம் நிறைய. தெருவிலும் வீடுகளிலும் ஒலிபெருக்கிகள் இருந்தன. நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் அவை ஊமையாகிவிடாமல் இருக்க, இசைக்காரர்கள் தாளத்துக்கு வைத்துக்கொள்வார்களே மெட்ரோனோம், அதன் ஒலியை ஒலிபரப்பினார்கள். டக், டக், டக் என்று மெதுவாக அடித்தால் ஆபத்தில்லை. வேகமாக அடித்தால் விமானத் தாக்குதல். இருட்டில், அடுப்பில்லாத அறையில் படுத்திருந்தவருக்கு நிலையத்தில் யாரோ இன்னும் இருக்கிறார்கள் என்பது அந்த டக் டக்கில் தெரிந்தது. அந்த ஊரில் ரேஷன் அட்டையைப் பிடுங்கி ஓடியவர்களும் இருந்தார்கள், அதைவிடக் கொடியதும் நடந்தது. எல்லோரும் தெய்வமாகிவிட்டார்கள் என்று நான் கதை விடவில்லை. ஆனாலும் அந்த ஒலியைக் கேட்டுக்கொண்டு கிடந்தார்கள்.

யாரோ இருக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது விஷயம். என் வார்டில் ஒரு பாட்டி இருந்தார். ஆறு வருடம் வந்தார், ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. கடைசியில் ஒருநாள், போதும், இனி வரமாட்டேன் என்றார். டாக்டர்கள் பேசினார்கள், மனநல மருத்துவர் பேசினார். உடம்பு முன்னைவிட மோசமாகவும் இல்லை. கூட வந்துகொண்டிருந்த தங்கை அந்த வருடம் போய்விட்டார், அதுதான். "வீட்டுக்குப் போனா, இன்னைக்கு எப்படி இருந்துச்சுன்னு கேக்க ஆள் இல்லம்மா" என்றார் என்னிடம். நிதானமான மனத்தோடு எடுத்த முடிவு. அதை மதித்து, வலி தெரியாமல் பார்த்துக்கொண்டோம். நானும் வாதாடவில்லை. இன்றைக்கும் அவர் தவறு செய்தார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேள்வியை அவர்தான் சரியாகப் புரிந்துகொண்டார் என்றுகூடத் தோன்றும். பிழைத்திருக்க ஆசையா என்று கேட்டால் பாதிக் கேள்விதான். யாரோடு என்பது மறுபாதி. "எனக்கு வேணாம்ப்பா" என்ற என் நண்பர்களிடம், உங்கள் பேத்தி பிழைத்துக்கொண்டால் என்று கேட்டேன். இரண்டு பேர் பேச்சை மாற்றினார்கள். ஒருவர், "அப்ப நான் இருந்துதானே ஆகணும்" என்றார், எரிச்சலோடு.

ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். நமக்கெல்லாம் இந்தக் கேள்வி கேட்டுக்கொள்ளக் கிடைத்த சொகுசு. என் நோயாளிகளுக்கு அது இல்லை. ஒரு தடவை டயாலிசிஸ் செய்ய ஏறத்தாழ 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். மின்சாரம் வேண்டும், குழாய் வேண்டும், ஊசி வேண்டும். இவையெல்லாம் நின்றால், எவ்வளவு ஆசை இருந்தாலும் பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வாரம். இன்சுலின் போடுகிறவர்கள், ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள், இவர்களிடம் யாரும் போய் உங்களுக்கு விருப்பமா என்று கேட்பதில்லை.

ஆனால் அந்த மிஷின் பிறந்த கதையைப் பாருங்கள். ஜெர்மானியர் பிடியில் இருந்த நெதர்லாந்தில், காம்பன் என்ற சிற்றூர் மருத்துவமனையில் வில்லெம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர் போர்க்காலத்தில் அதைச் செய்தார். பொருள் எதுவும் கிடைக்காத காலம். இறைச்சியை அடைக்கப் பயன்படும் செல்லோஃபேன் உறையை வாங்கி, மரச்சட்டத்தாலான உருளையில் சுற்றி, அதற்குள் ரத்தத்தை ஓடவிட்டார். 1943-ல் தொடங்கி 16 பேருக்குச் செய்து பார்த்தார். இந்த மிஷினால்தான் பிழைத்தார் என்று ஒருவரையும் காட்ட முடியவில்லை. விட்டிருக்கலாம். 1945 செப்டம்பரில் 67 வயதுப் பெண்மணி ஒருவர் மயக்கத்தில் கொண்டுவரப்பட்டார். பல மணி நேரம் ஓட்டிய பிறகு கண் விழித்தார். விழித்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, என் கணவரை விவாகரத்து செய்யப்போகிறேன் என்பதாம். சொன்னபடி செய்தும் விட்டாராம். எங்கள் துறையில் வழிவழியாகச் சொல்லிக்கொள்கிற கதை. அந்தம்மாவுக்குப் பிழைக்கக் காரணம் இருந்தது!

என் வார்டில் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். பல வருடத்துக்கு முன்னால், ஒரு மாலை, ஆறு மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனது. ஜெனரேட்டர் எடுக்கவில்லை. பழைய மிஷின்கள், பேட்டரி பேருக்குத்தான். பம்ப் நின்றால் குழாயில் இருக்கிற ரத்தம் உறைந்துவிடும். அதற்காக ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு கைப்பிடி உண்டு, பம்பில் பொருத்திக் கையால் சுற்ற வேண்டும். நாங்கள் மூன்று பேர், மிஷின் ஆறு. அலறிக்கொண்டிருந்த அலாரமும் ஒவ்வொன்றாக ஓய்ந்தது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு முதல் மிஷினைச் சுற்றிக்கொண்டே, யாராவது வாங்களேன் என்று கத்தினேன். வெளியே உட்கார்ந்திருந்த ஒருவருடைய மகன் ஓடிவந்தான், அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மூலையில் யாரும் இல்லாத ஒரு மிஷின் ஞாபகம் வந்து டார்ச்சைத் திருப்பினேன்.

கணக்கர் ஊசி ஏறாத கையால் தன் பம்பைத் தானே சுற்றிக்கொண்டிருந்தார். அம்புக்குறி பார்த்து, சரியான திசையில், அவசரமில்லாமல், ஒரே சீராக. உதடு அசைந்துகொண்டிருந்தது. சுற்றை எண்ணுகிறார் என்று புரிந்தது.

வெளிச்சம் வந்தபோது எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் கைப்பிடியை என்னிடம் நீட்டினார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், நோட்டை எடுத்தார்.

"பத்தொன்பது நிமிஷம் போச்சு சிஸ்டர். அதையும் சேர்த்து ஓட்டுங்க."

வணக்கம்.