வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர்: புது மென்பொருளை எப்படிப் பயமில்லாமல் போட்டுப் பார்ப்பது?

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். விரிவாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டில் ஒரே லேப்டாப். 8 ஜிபி ரேம், விண்டோஸ் 11 ஹோம். மனைவியின் தையல் கடைக் கணக்கு, குடும்பப் போட்டோக்கள், மகனின் பள்ளிப் பாடம் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. எனக்குப் புதுப்புது மென்பொருள்களைப் போட்டுப் பார்க்க ஆசை. பத்தாவது படிக்கும் மகனுக்கு, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மேல் ஆசை. ஏதாவது கெட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் இரண்டு பேருமே கை வைப்பதில்லை. என்ன செய்யலாம்?"

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அதை வைக்க வேண்டிய இடம் வேறு. விண்டோஸ் கெட்டுப் போனால் மறுபடி போட்டுக்கொள்ளலாம், அரை நாள் வேலை. உங்கள் மனைவியின் கணக்கும் போட்டோக்களும் போனால் எந்தக் கடையிலும் கிடைக்காது. அதனால் கம்ப்யூட்டரைத் தொடலாமா என்று கேட்பதற்கு முன்னால், திரும்பி வர வழி இருக்கிறதா என்று கேளுங்கள். வழி இருந்தால் தாராளமாகத் தொடலாம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன்னால் என்னிடம் ஒரு டெஸ்க்டாப் இருந்தது, யுபிஎஸ் கிடையாது. லினக்ஸுக்கு இடம் ஒதுக்கலாம் என்று ஹார்ட் டிஸ்க்கின் பார்ட்டிஷனை, அதாவது அதில் பிரித்து வைத்திருக்கும் பகுதியை, சுருக்க ஆரம்பித்தேன். பாதி வேலை நடந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்தபோது டி டிரைவ் திறக்கவில்லை. எங்கள் பாட்டியின் கடைசி இரண்டு வருடப் போட்டோக்கள் அதில்தான் இருந்தன, வேறு எங்கும் நகல் இல்லை. தரவு மீட்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். பாதிக்கும் குறைவாகத்தான் மீண்டது, அதிலும் பல படங்களில் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக இருந்தது. அந்தப் படங்களை இன்றும் அப்படியே வைத்திருக்கிறேன்.

அதனால் உங்கள் முதல் வேலை எந்த மென்பொருளும் இல்லை. ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். முக்கியமான ஃபோல்டர்களை அதில் நகல் எடுங்கள். எடுத்து முடித்ததும் கேபிளைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். கழற்றுவது ரொம்ப முக்கியம். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற ரான்சம்வேர் உள்ளே வந்தால், அந்த நேரத்தில் செருகியிருக்கிற டிஸ்க்கையும் சேர்த்துத்தான் பூட்டும். கழற்றி வைத்ததை அதனால் தொட முடியாது. அப்புறம், நகல் எடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகி நாலு போட்டோவையும் கணக்குக் கோப்பையும் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது நகல்.

மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் இருக்கிறதே, போதாதா என்று சிலர் கேட்பார்கள். அது நல்லதுதான். ஆனால் அதன் வேலை இங்கே இருப்பதை அங்கேயும் அப்படியே வைத்திருப்பது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். ரீசைக்கிள் பின்னில் கொஞ்ச நாள் இருக்கும், அதற்குள் நாம் கவனிக்க வேண்டும். அதை மட்டும் நம்ப வேண்டாம்.

அடுத்ததைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு உள்ளே நுழைகிற பல புது விண்டோஸ் 11 லேப்டாப்களில், நாம் கேட்காமலேயே டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும், அதாவது சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கும். சாதாரண நாட்களில் இது நமக்குத் தெரியவே தெரியாது. பயாஸில், அதாவது கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை நிரலில், ஒரு செட்டிங்கை மாற்றினால், அல்லது அதிலேயே இருக்கும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பை அணைத்தால், அடுத்த தடவை இயக்கும்போது நீலத் திரை ஒன்று வந்து 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அந்த எண் இல்லையென்றால் உள்ளே இருப்பது எதுவும் கிடைக்காது, எந்தக் கடைக்காரராலும் எடுத்துத் தர முடியாது. எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் சேமிக்கப்பட்டிருக்கும். சிக்கல் என்னவென்றால், சில இடங்களில் லேப்டாப் விற்கும்போது கடையிலேயே ஒரு மெயில் ஐடியை உருவாக்கி, எல்லாவற்றையும் செட்டப் செய்து கையில் கொடுத்துவிடுகிறார்கள். வாங்கியவருக்கு அந்த ஐடியும் தெரியாது, பாஸ்வேர்டும் தெரியாது. இன்றைக்கே பாருங்கள், உங்கள் லேப்டாப் யாருடைய ஐடியில் இருக்கிறது என்று. மீட்பு எண்ணைக் கண்டுபிடித்து ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வையுங்கள். அதே லேப்டாப்பில் சேமித்து வைத்தால் பிரயோஜனம் இல்லை.

சரி, இந்த இரண்டும் முடிந்துவிட்டது. இனிமேல் விளையாடலாம்.

விண்டோஸிலேயே சாண்ட்பாக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, 2019இல் வந்தது. ஒரு தனி ஜன்னலில் புத்தம் புது விண்டோஸ் திறக்கும். அதில் எதைப் போட்டுப் பார்த்தாலும், ஜன்னலை மூடியதும் எல்லாம் போய்விடும். அருமையான வசதி. ஆனால் ஹோம் பதிப்பில் அது கிடையாது, ப்ரோவும் அதற்கு மேற்பட்டவையும் வேண்டும். உங்களிடம் ஹோம் இருப்பதால் நான் சொல்வது விர்ச்சுவல் பாக்ஸ். இலவசம். ஆரக்கிள் தருகிறது. அவர்களுடைய தளத்துக்கே போய் இறக்கிக்கொள்ளுங்கள்.

விர்ச்சுவல் பாக்ஸ் என்பது கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர். உங்கள் டிஸ்க்கில் ஒரு பெரிய கோப்பை உருவாக்கி, அதையே உள்ளே இருக்கிற கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்காகக் காட்டும். உள்ளே நீங்கள் ஃபார்மேட் செய்தாலும் அந்தக் கோப்புக்குள்தான் ஃபார்மேட் ஆகும். மனைவியின் கணக்கு வெளியே பத்திரமாக இருக்கும்.

போடுவதற்கு முன் ஒரு சோதனை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியுவைத் தொட்டால், கீழே விர்ச்சுவலைசேஷன் என்று ஒரு வரி இருக்கும். எனேபிள்டு என்று இருந்தால் நல்லது. இல்லையென்றால் பயாஸுக்குள் போய் இயக்க வேண்டும். இன்டெல் ப்ராசசரில் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்றும், ஏஎம்டியில் எஸ்விஎம் மோடு என்றும் இருக்கும். அந்த 48 இலக்கத்தை முதலிலேயே எழுதி வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

8 ஜிபி ரேமில் உள்ளே இருப்பதற்கு 3 ஜிபி கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம், வெளியே விண்டோஸ் மூச்சுவிட வேண்டும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இந்த அளவில் நன்றாகவே ஓடும். டிஸ்க் 30 ஜிபி போதும். அது மொத்தத்தையும் முதலிலேயே பிடித்துக்கொள்ளாது, தேவைக்கேற்ப வளரும். ஆரம்பத்தில் சிலருக்கு மௌஸ் உள்ளேயே மாட்டிக்கொண்டு வெளியே வராது. பதற வேண்டாம். கீபோர்டில் வலது பக்கக் கன்ட்ரோலை ஒரு தடவை அழுத்துங்கள், வந்துவிடும்.

எல்லாம் போட்டு, அப்டேட் செய்து, நன்றாக ஓடுகிற நிலையில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். அது அந்த நொடியின் நிலையை அப்படியே பிடித்து வைக்கும். அதற்குப் பெயர் கேட்கும், நான் எப்போதும் 'நல்ல நிலை' என்றுதான் கொடுப்பேன். அப்புறம் உள்ளே என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். கெட்டுவிட்டதா? அந்த ஜன்னலை மூடப் போகும்போது மூன்று தெரிவுகள் வரும். பவர் ஆஃப் என்பதைத் தேர்ந்தெடுத்தால், அதற்குக் கீழே, ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பட்டுமா என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் அடித்து ஓகே கொடுங்கள். மறுபடி இயக்கினால் கெட்டது நடக்கவே இல்லாதது போல வந்து நிற்கும். இதை முதல் தடவை பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை என்னால் சொல்லில் கொண்டுவர முடியாது. அன்றிலிருந்துதான் பயமில்லாமல் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன்.

உங்களுக்கு விண்டோஸ் மென்பொருள்களையும் போட்டுப் பார்க்க ஆசை என்றீர்கள். அதற்கு உள்ளே இன்னொரு விண்டோஸ் வேண்டும். மைக்ரோசாஃப்ட்டே 90 நாள் சோதனைக்காக என்டர்பிரைஸ் பதிப்பை இலவசமாகத் தருகிறது. ஆனால் விண்டோஸ் 11க்கு 4 ஜிபி ரேம் கொடுக்க வேண்டும், உங்கள் லேப்டாப்புக்கு அது கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். வெளியே பிரவுசர் உட்பட எல்லாவற்றையும் மூடிவிட்டு ஓட்டுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். விர்ச்சுவல் பாக்ஸுக்குள் ஒரு மென்பொருள் ஒழுங்காக நடந்துகொண்டால் அது நல்லது என்று அர்த்தம் இல்லை. சில தீய நிரல்கள் தாங்கள் இருப்பது விர்ச்சுவல் கம்ப்யூட்டர் என்று கண்டுபிடித்துவிட்டால் வாலைச் சுருட்டிக்கொண்டு சும்மா இருக்கும், நிஜக் கம்ப்யூட்டரில்தான் வேலையைக் காட்டும். அதனால் சந்தேகமான ஒன்றை உள்ளே சோதித்து, "ஒன்றும் ஆகவில்லையே" என்று வெளியே கொண்டுவராதீர்கள். சோதிக்கும்போதும், உள்ளேயும் வெளியேயும் கோப்புகளைப் பகிரும் ஷேர்டு ஃபோல்டரும், காப்பி செய்ததைப் பகிரும் ஷேர்டு கிளிப்போர்டும் அணைந்தே இருக்கட்டும். இன்னொன்று, உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரால் உங்கள் வீட்டு நெட்வொர்க்கை எட்ட முடியும். நெட்வொர்க் செட்டிங்கில் 'கேபிள் கனெக்டட்' என்ற டிக்கை எடுத்துவிட்டால் கேபிளைப் பிடுங்கியது மாதிரி ஆகிவிடும்.

காசு கொடுத்து வாங்க வேண்டியதைப் பூட்டை உடைத்து இலவசமாகத் தரும் கிராக் மென்பொருள் பற்றிக் கொஞ்சம் நேராகவே பேசுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் நாசமாவது பெரும்பாலும் இந்த வழியில்தான் என்பது என் கணிப்பு. ஸ்டாப் என்றும் டிஜேவியு என்றும் சொல்கிற ரான்சம்வேர் குடும்பம் முக்கியமாகக் கிராக் கோப்புகளுக்குள்ளும், போலி உரிம எண் தரும் கீஜென் கோப்புகளுக்குள்ளும் ஒளிந்துதான் பரவியது. குறிவைத்தது வீட்டுப் பயனாளர்களைத்தான். எம்சிசாஃப்ட் என்ற நிறுவனம் 2019 அக்டோபரில் அதன் 148 வகைகளுக்கு இலவச மீட்புக் கருவி வெளியிட்டது. ஆனால் அதற்குப் பிறகு வந்த வகைகளில் பூட்டுப்பட்ட கோப்புகள் பலருக்கு இன்றும் பூட்டியபடியே கிடக்கின்றன. ஒரு அடையாளம் சொல்கிறேன்: "முதலில் ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இதை இயக்கவும்" என்று ஒரு கோப்பு சொன்னால், அதை இயக்காதீர்கள். கிராக் தேடாமல் இலவச மென்பொருளையே பயன்படுத்துங்கள்: ஃபோட்டோஷாப்புக்குப் பதில் கிம்ப், ஆஃபிஸுக்குப் பதில் லிப்ரே ஆஃபிஸ். உங்கள் மனைவியின் கணக்குக்கு லிப்ரே ஆஃபிஸ் தாராளமாகப் போதும்.

நல்ல மென்பொருள் என்றாலும் எங்கிருந்து இறக்குகிறோம் என்று பார்க்க வேண்டும். தேடலில் முதலில் வருவது பல சமயம் விளம்பரம். பிரபலமான மென்பொருள்களின் பெயரில் போலித் தளங்கள் விளம்பரம் கொடுத்து மேலே வந்து நிற்கின்றன. முகவரியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் கோப்பை வைரஸ்டோட்டல் தளத்தில் போட்டுப் பாருங்கள். பல ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் பார்த்துச் சொல்லும். ஆனால் அங்கே போடும் கோப்பு பாதுகாப்பு நிறுவனங்களுக்கும் போகும், அதனால் சொந்த ஆவணங்களைப் போடாதீர்கள்.

அதிகாரப்பூர்வத் தளமே என்றாலும் நூறு சதவீதம் இல்லை. 2017இல், கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யும் மென்பொருளான சிகிளீனரின் 5.33 பதிப்பில் விஷமிகள் தங்கள் நிரலைச் சேர்த்துவிட்டார்கள். அது சொந்தத் தளத்திலேயே, முறையான டிஜிட்டல் கையெழுத்தோடு, ஏறத்தாழ ஒரு மாதம் இருந்தது. 22 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தப் பதிப்பை வைத்திருந்தார்கள். இதனால்தான் சோதனைக்கென்று தனி இடம் வேண்டும் என்கிறேன்.

மகனுக்கு விர்ச்சுவல் பாக்ஸ் சலித்துப்போய், நிஜமாகவே லினக்ஸில் பூட் செய்ய வேண்டும் என்று கேட்டால், 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு லினக்ஸ் மின்ட் கோப்பை அதில் எழுதுங்கள். பென் டிரைவில் முன்னால் இருந்ததெல்லாம் அழிந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பை ஆன் செய்யும்போது எஃப்12 அல்லது எஃப்9 விசையை அழுத்தி, பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள்; விசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். லினக்ஸ் பென் டிரைவிலிருந்தே ஓடும், ஹார்ட் டிஸ்க்கை நீங்களாகப் போய்த் தொடாதவரை அது தொடாது. திரையில் இன்ஸ்டால் என்று ஒரு ஐகான் இருக்கும். அதை மட்டும் இப்போதைக்கு அமுக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். அதற்குள் 'டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு' என்று ஒரு தெரிவு இருக்கிறது. ஒரே லேப்டாப் இருக்கிற வீட்டில் அது விபரீதம்.

மகனைத் தடுக்காதீர்கள். விர்ச்சுவல் பாக்ஸில் லினக்ஸ் போட்டு, 'நல்ல நிலை' எடுத்து, அவனிடம் கொடுத்துவிடுங்கள். கட்டளைகளை எழுதி இயக்கும் டெர்மினலில் என்ன வேண்டுமானாலும் அடித்துப் பார்க்கட்டும், கோப்புகளை அழித்துப் பார்க்கட்டும். ஒரு நாள் "அப்பா, ஆன் ஆகவே மாட்டேங்குது" என்று வந்து நிற்பான். திட்டாதீர்கள். கடைசியாக என்ன செய்தாய் என்று மட்டும் கேளுங்கள். அதை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் அந்தச் சின்னக் கட்டத்தைக் காட்டி, டிக்கை அவன் கையாலேயே அடிக்கச் சொல்லுங்கள்.