பயந்துபோன பேதுரு எப்படித் தூங்கினார்?

எல்லோருக்கும் இயேசுவின் நாமத்தில் அன்பின் வாழ்த்துகள். இன்றைக்குப் பயத்தைப் பற்றிப் பேசலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

"விசுவாசம் இருந்தால் பயமே வராது" என்று நம்மிடம் சொல்பவர்கள் நிறையப் பேர். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் பரிசோதனை முடிவு நாளைக்கு வரப்போகிறது என்று இரவெல்லாம் புரண்டு புரண்டு படுப்பவருக்கு அந்த வார்த்தை என்ன செய்யும்? ஏற்கெனவே இருக்கிற பயத்தோடு, 'எனக்கு விசுவாசம் போதவில்லையோ' என்ற பாரத்தையும் ஏற்றி வைத்துவிடும். அதனால் நான் உங்களைப் பயப்படாதே என்று சொல்லப்போவதில்லை. இயேசுவின் சீஷர்களில் ஒருவரான பேதுருவின் வாழ்க்கையில் இரண்டு இரவுகளைக் காட்டுகிறேன். வேதாகமம் பக்கத்தில் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரம். ஏரோது ராஜா, யோவானின் சகோதரனும் இயேசுவின் சீஷனுமான யாக்கோபைப் பட்டயத்தால், அதாவது வாளால், கொன்றுவிட்டான். அது ஜனங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று கண்டதும் பேதுருவையும் பிடித்துச் சிறையில் போட்டான். யூதர்களின் பஸ்கா பண்டிகை முடிந்ததும் வெளியே கொண்டுவர வேண்டும் என்பது அவன் திட்டம். ஒரு மனிதனைக் காக்க நான்கு நான்கு பேராக 16 சேவகர்கள். விடிந்தால் தீர்ப்பு. கூடவே மீன்பிடித்த நண்பனுக்கு நடந்தது தனக்கும் நடக்கும் என்று பேதுருவுக்குத் தெரியாமலா இருக்கும்?

அந்த இரவில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? தூங்கிக்கொண்டிருந்தார்! இரண்டு சேவகர்களுக்கு நடுவில், இரண்டு சங்கிலிகளால் கட்டப்பட்டபடி. தேவதூதன் வந்து நிற்கிறான், அறை முழுவதும் வெளிச்சம் வீசுகிறது, அப்போதும் அவர் விழிக்கவில்லை. விலாவில் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. அப்புறம் தூதன் சொல்வதைக் கவனியுங்கள்: அரையைக் கட்டிக்கொள், பாதரட்சைகளைத் தொடுத்துக்கொள், மேல் வஸ்திரத்தைப் போர்த்திக்கொள். அப்படியென்றால் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, இடுப்புக் கச்சையைத் தளர்த்திவிட்டு, வீட்டில் படுப்பதுபோலப் படுத்திருக்கிறார். அந்த வசனத்தை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

சரி, இப்போது இன்னொரு இரவு. சில ஆண்டுகளுக்கு முன், அதுவும் பஸ்கா காலம்தான். இயேசுவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பிரதான ஆசாரியனின் முற்றத்தில் குளிருக்காகக் கரிநெருப்பு மூட்டியிருக்கிறார்கள். பேதுருவும் நின்று குளிர்காய்கிறார். வாசல் காக்கிற வேலைக்காரி ஒருத்தி கேட்கிறாள்: நீயும் அவருடைய சீஷர்களில் ஒருவன்தானே? அவள் கையில் பட்டயம் இல்லை, சங்கிலி இல்லை. ஒரு கேள்வி மட்டும்தான். அதற்கே பேதுரு நடுங்கிவிட்டார். இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தார், சபித்தார், சத்தியம் பண்ணினார். சில மணி நேரத்துக்கு முன் "நான் உம்மோடே மரிக்கவேண்டியதாயிருந்தாலும் உம்மை மறுதலிக்கமாட்டேன்" என்று சொன்ன அதே வாய்.

அவர் அதைப் பொய்யாகச் சொல்லவில்லை. இயேசுவைப் பிடிக்க வந்தபோது கெத்செமனே தோட்டத்தில் பட்டயத்தை உருவியவர் அவர். தைரியம் இருந்தது. ஆனால் அது, தான் இயேசுவை எவ்வளவு நேசிக்கிறேன் என்பதன்மேல் கட்டிய தைரியம். நம் அன்பின்மேல் கட்டுகிற தைரியம் நம் அன்பு தாங்குகிற தூரம்தான் போகும்.

இந்த இரண்டு இரவுகளுக்கும் நடுவில் என்ன நடந்தது? பெந்தெகொஸ்தே நாளில் பரிசுத்த ஆவி வந்தார், அதனால்தான் மாறினார் என்பீர்கள். உண்மைதான். ஆவியானவர் உள்ளே வந்து என்ன செய்கிறார் என்பதை ரோமர் 5:5 சொல்கிறது, தேவனுடைய அன்பை நம் இருதயங்களில் ஊற்றுகிறார். பேதுருவுக்கோ அந்த அன்பு கண்முன்னே வந்து நின்ற ஒரு காலை இருந்தது. யோவான் 21.

அதற்கு முன்பே ஒரு சின்ன விஷயம் இருக்கிறது, மாற்கு 16:7. காலியான கல்லறையில் பெண்களிடம் சொல்லப்படுகிறது, "அவருடைய சீஷரிடத்திற்கும் பேதுருவினிடத்திற்கும் போய்" சொல்லுங்கள் என்று. பேதுருவும் சீஷன்தானே, ஏன் தனியாகப் பெயர்? 'சீஷர்கள்' என்று மட்டும் சொல்லியிருந்தால், அதில் நான் இல்லை என்று அவர் ஒதுங்கியிருப்பார் என்றே நான் நினைக்கிறேன்.

திபேரியா கடற்கரைக்கு வாருங்கள். இரவு முழுவதும் வலை வீசி ஒன்றும் கிடைக்கவில்லை. விடியற்காலையில் இயேசு கரையில் நிற்கிறார். கரையேறினால் அங்கே கரிநெருப்பு, அதன்மேல் மீன், அப்பம். மறுதலித்த இரவிலும் கரிநெருப்பு, இங்கேயும் கரிநெருப்பு. அந்தப் புகை வாசனை பேதுருவுக்கு எதை நினைவுபடுத்தியிருக்கும்! ஆனால் இயேசு எடுத்தவுடன் விசாரணை வைக்கவில்லை. "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்கிறார். முதலில் சாப்பாடு. அதற்கப்புறம்தான் "என்னில் அன்பாயிருக்கிறாயா" என்ற கேள்வி, மூன்று முறை. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு பொறுப்பைக் கையில் கொடுக்கிறார், என் ஆடுகளை மேய்ப்பாயாக என்று. மறுதலித்தவனை மன்னித்து ஓரமாக உட்கார வைக்கவில்லை. தமக்கு மிகவும் பிரியமானதை நம்பி ஒப்படைக்கிறார்.

இதற்குப் பிறகு பேதுரு எதை இழக்கப் பயப்பட வேண்டும், சொல்லுங்கள். தன்னுடைய மிக மோசமான இரவு இயேசுவுக்குத் தெரியும், தெரிந்தும் தேடி வந்தார். இனி எந்த ஏரோதால் அதைப் பறிக்க முடியும்? அந்தச் சிறையில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூங்கியவர் இந்த மனிதர்தான்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பேதுரு விடுதலையானார், யாக்கோபு விடுதலையாகவில்லை. யாக்கோபை ஆண்டவர் குறைவாக நேசித்தாரா? இல்லவே இல்லை. தேவன் நேசிக்கிறார் என்றால் எல்லாச் சிறையும் திறக்கும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. ரோமர் 8ஆம் அதிகாரத்தில் கிறிஸ்துவின் அன்பைவிட்டு நம்மைப் பிரிப்பவன் யார் என்று கேட்டு, பவுல் ஒரு பட்டியல் போடுகிறார். உபத்திரவம், வியாகுலம், பசி, நாசமோசம். கடைசியில் வருவது பட்டயம். யாக்கோபின்மேல் விழுந்த பட்டயத்தாலும் அவரை அந்த அன்பிலிருந்து பிரிக்க முடியவில்லை.

இன்னொன்று. பேதுரு அதற்குப் பிறகும் பயந்தார். கலாத்தியர் 2இல் அந்தியோகியாவில் சிலருக்குப் பயந்து, யூதரல்லாத புறஜாதி விசுவாசிகளோடு சாப்பிடுவதை விட்டு விலகிக்கொண்டார் என்று பவுல் எழுதுகிறார். சிறையில் தூங்கியவர், சாப்பாட்டுப் பந்தியில் பயந்தார்! அதனால் போன மாதம் தைரியமாக இருந்தேன், இன்றைக்கு ஏன் நடுங்குகிறேன் என்று உங்களை நீங்களே அடித்துக்கொள்ளாதீர்கள். பேதுருவை அப்போதும் அவர் கைவிடவில்லை.

"அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" என்று எழுதியிருப்பதும் பேதுருவின் நிருபத்தில்தான், 1 பேதுரு 5:7. இன்றைக்கு இரவு அதைச் செய்து பாருங்கள். 'ஆண்டவரே என் கவலையை எடும்' என்று பொதுவாகச் சொல்லாமல், எதற்குப் பயம் என்பதைப் பெயர் சொல்லியே சொல்லுங்கள். அந்த மருத்துவர் என்ன சொல்வாரோ, அந்தக் கடனை எப்படி அடைப்பேன், என் மகன் திரும்பிப் பேசுவானா. வாய்விட்டுச் சொல்லுங்கள். அழுகை வந்தால் வரட்டும்.

என்னோடு சேர்ந்து ஒரு நிமிடம் ஜெபிக்க முடிந்தவர்கள் ஜெபியுங்கள்.

அன்புள்ள ஆண்டவரே, இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற ஒருவர் நாளைக் காலையை நினைத்து நடுங்கிக்கொண்டிருக்கிறார். அவர் யார் என்று எனக்குத் தெரியாது, உமக்குத் தெரியும். பேதுருவின் பெயரைத் தனியாகச் சொல்லி அனுப்பினவர் நீர், இவருடைய பெயரையும் சொல்லி அழையும். இன்றைக்கு இரவு இவருக்கு நல்ல தூக்கத்தைக் கொடும். காலையில் என்ன வந்தாலும் கூடவே இரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.