க்வேக் 3-ல ஏன் 144 வைக்கக் கூடாது

வணக்கம் மக்களே. மானிட்டர் 144 ஹெர்ட்ஸா இருந்தா, க்வேக் 3 அரீனாலயும் எஃப்பிஎஸ் (ஒரு செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம்) லிமிட் 144-னு போட்டுடுறாங்க. போட்டா ஜம்ப் உயரம் குறையும். இது 1999 கேம், கணக்குப் போடுற விதமே வேற.

இந்த எஞ்சின் ஒரு ஃப்ரேமோட நேரத்தை முழு மில்லிசெகண்ட்லதான் வச்சுக்கும். 1000-ஐ 144-ஆல வகுத்தா 6.94. புள்ளிக்கு அப்புறம் இருக்கிறதை வெட்டிட்டு 6-னு எடுத்துக்கும். அதனால நிஜத்துல ஓடுறது 166 எஃப்பிஎஸ்.

சரி, ஜம்ப்புக்கு வாங்க. கேம்ல கிராவிட்டி 800, அதாவது ஒரு செகண்டுக்கு வேகம் 800 குறையும். 6 மில்லிசெகண்ட்ல உங்க மேல்நோக்கு வேகம் 4.8 குறையணும். ஆனா ஒவ்வொரு தடவையும் வேகத்தை முழு எண்ணா ரவுண்ட் பண்ணுதுல்ல, 5 குறைஞ்சிடும். அதாவது கிராவிட்டி 833 மாதிரி ஆயிடுது. 125 வச்சா ஃப்ரேம் சரியா 8 மில்லிசெகண்ட். 6.4 குறைய வேண்டிய இடத்துல 6தான் குறையும், கிராவிட்டி 750. குதிக்கிற உயரம் 144-ல சுமார் 44 யூனிட் (கேமோட நீள அளவு), 125-ல 48-க்கு மேல. டிஎம்13 மேப்ல மெகா ஹெல்த்துக்கு (நிறைய உயிர் தர்ற ஐட்டம்) தாவுறவங்களுக்கு இந்த வித்தியாசம் நல்லாத் தெரியும். கேமோட டீஃபால்ட் 85 இருக்கே, அது 11 மில்லிசெகண்ட், கிராவிட்டி 818. அதுவும் நஷ்டம்தான்.

333 இன்னும் உயரம் தரும், ஆனா ஒரு சின்ன தடுமாற்றம் வந்தாலும் ஜம்ப் ஒண்ணொண்ணும் ஒரு மாதிரி இருக்கும். என் ஓட்டு 125-க்குத்தான்.

டில்டே கீயை (எஸ்கேப்புக்குக் கீழ இருக்கிறது) அழுத்தி, கமாண்ட் அடிக்கிற கன்சோலைத் திறங்க. முன்னாடி ஸ்லாஷ் போட மறக்காதீங்க, இல்லன்னா ஆன்லைன்ல அடிச்சது சாட்ல போய் விழும். காம் அண்டர்ஸ்கோர் மேக்ஸ்எஃப்பிஎஸ், ஸ்பேஸ், 125. அடுத்து ஆர் அண்டர்ஸ்கோர் ஸ்வாப்இன்டர்வல் 0, இது வி-சிங்க்கை (ஃப்ரேமை மானிட்டர் வேகத்தோட கட்டி வைக்கிறது) நிறுத்தும். கடைசியா விட் அண்டர்ஸ்கோர் ரீஸ்டார்ட். இப்போ சிஜி அண்டர்ஸ்கோர் ட்ராஎஃப்பிஎஸ் 1 போட்டா, மேல வலது மூலையில 125 அசையாம நிக்கணும். 111-னு விழுந்தா ஃப்ரேம் 9 மில்லிசெகண்ட் எடுக்குதுன்னு அர்த்தம். 60-லயே நின்னா டிரைவர் கண்ட்ரோல் பேனல்ல வி-சிங்க்கைக் கட்டாயமா ஆன் பண்ணி வச்சிருப்பீங்க, அங்க போய் அணைங்க.

ரெசல்யூஷன் மெனுல 1920-க்கு 1080 கிடையாது. ஆர் அண்டர்ஸ்கோர் மோட் மைனஸ் 1 போட்டு, ஆர் அண்டர்ஸ்கோர் கஸ்டம்வித், ஆர் அண்டர்ஸ்கோர் கஸ்டம்ஹைட் ரெண்டுலயும் நம்பர் குடுங்க. அகல ஸ்க்ரீன்ல படம் மேலயும் கீழயும் வெட்டுப்படும், அதனால பார்வைக் கோணத்தை, அதாவது சிஜி அண்டர்ஸ்கோர் எஃப்ஓவி-யை 90-லேருந்து 106-க்கு ஏத்துங்க. டெக்ஸ்சர் முழுத் தரத்துல வர ஆர் அண்டர்ஸ்கோர் பிக்மிப் 0. இன்னைக்கு இருக்கிற கார்டுல தரத்தைக் குறைச்சு ஒரு லாபமும் இல்ல.

எல்லாத்தையும் பேஸ்க்யூ3 ஃபோல்டர்ல ஆட்டோஎக்சிக் டாட் சிஎஃப்ஜி-னு சேவ் பண்ணலாம். நோட்பேட் பின்னாடி டாட் டிஎக்ஸ்டி ஒட்டிடும், ஃபைல் எக்ஸ்டென்ஷன் தெரியுற மாதிரி வச்சுப் பாருங்க.

ஒண்ணு சொல்லிடுறேன். சர்வர்ல பிமூவ் அண்டர்ஸ்கோர் ஃபிக்ஸ்ட் 1-ஆ இருந்தா எல்லாருக்கும் ஒரே கணக்குதான், டீஃபால்ட்டா அது 8 மில்லிசெகண்ட். அந்த சர்வர்ல தாராளமா உங்க மானிட்டருக்கு ஏத்த மாதிரி வச்சுக்கோங்க.