செம்பு வந்த ஆண்டு

நேயர்களுக்கு வணக்கம். ஜப்பான் வரலாறு என்று யார் பேச்செடுத்தாலும் நான் வாடோ காலத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவேன். 708 முதல் 715 வரை, அவ்வளவுதான். பலர் ஒரே வரியில் தாண்டிப் போகிற காலம்.

அப்போது ஆண்டவர் ஒரு பெண், பேரரசி கென்மெய். 707இல் மகன் மொம்மு இறந்தார். பேரனோ சின்னப் பிள்ளை. மகனுக்கு அடுத்துத் தாய் பட்டமேறினார். மறு ஆண்டே முசாஷி மாநிலத்துச் சிச்சிபுவிலிருந்து தலைநகருக்குச் செம்பு வந்தது. தாதுவாக அல்ல, மண்ணிலேயே உலோகமாகக் கிடைத்த செம்பு. நல்ல சகுனம் என்று, ஆண்டுகளை எண்ணப் பயன்படுத்திய காலக்கணக்கின் பெயரையே அதற்காக வாடோ என்று மாற்றிவிட்டார்கள்!

கையோடு காசும் அடித்தார்கள். முதலில் வெள்ளியில், அப்புறம் செம்பில். வட்டக் காசு, நடுவே சதுர ஓட்டை, சுற்றிலும் நான்கு எழுத்து. சரி, காசு அடித்தால் போதுமா? நெல்லும் துணியும் கொடுத்தே வாங்கிப் பழகிய சனம் இதை நம்ப வேண்டாமா? 711இல் ஒரு காசுக்கு ஆறு ஷோ (ஷோ என்பது ஒரு முகத்தலளவை) நெல் என்று அரசு மதிப்புக் கட்டியது. அதே ஆண்டில் இன்னொரு ஆணையும் போட்டது. காசு சேர்த்து அரசிடம் ஒப்படைக்கிற அதிகாரிக்குப் பதவித் தரம் உயரும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. காசு புழங்க வேண்டும் என்கிற அரசே அதைச் சேர்த்து வைக்கச் சொல்கிறது! சலவை நோட்டையே செலவழிக்க நமக்கு மனம் வராது. பதவியும் கிடைக்கும் என்றால் கேட்க வேண்டுமா? இன்னொரு பக்கம், கள்ளக் காசு அடித்தவன் தலை போகும் என்றும் ஆணை.

இவ்வளவு அவசரம் ஏன்? 710இல் தலைநகர் ஹெய்ஜோவுக்கு, இன்றைய நாராவுக்கு, மாறியது. ஊர் ஊராகக் கூலியாட்களைக் கொண்டுவந்து கட்டிய நகரம். கூலி கொடுக்க வேண்டும் அல்லவா?

715இல் கென்மெய் பட்டத்தைத் துறந்தார். பேரனுக்குக் கொடுக்கவில்லை, மகள் கென்ஷோவுக்குக் கொடுத்தார். தாயிடமிருந்து மகளுக்கு அரியணை போனது ஜப்பானில் அந்த ஒரு தடவைதான். ஆமாம், ஒரே தடவை. காலக்கணக்கின் பெயரும் மாறியது. அதற்கும் ஒரு சகுனம் கிடைத்தது, இந்த முறை ஒரு ஆமை.

ஜப்பானின் பழங்கதைகளைத் தொகுத்த நூலான கொஜிகியைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், கடிகாரம் விடவில்லை. ஹியெதா நோ ஆரே மனப்பாடமாக வைத்திருந்த பழங்கதைகளை ஓ நோ யாசுமாரோ எழுதி 712இல் பேரரசியிடம் கொடுத்தார். 713இல், ஒவ்வொரு மாநிலமும் தன் மண், விளைச்சல், ஊர்ப்பெயர், முதியோர் சொல்லும் கதைகளை எழுதி அனுப்ப ஆணை போனது. வந்தவற்றில் இசுமோ மாநிலத்தின் ஏடு மட்டும் ஏறக்குறைய முழுதாகவே இன்றும் இருக்கிறது. வணக்கம்.