கடல் உறைஞ்சது, எல்லை மாறுச்சு

[திரையில்: தெற்கு ஸ்வீடன் வரைபடம்]

ஸ்வீடனோட தெக்கு முனையில இருக்கிற இந்தப் பகுதிக்குப் பேரு ஸ்கோனே. நல்லா விளையுற மண்ணு. 1658 வரைக்கும் இது டென்மார்க். இங்க இருக்கிற லுண்ட் நகரத்துலதான் ஒரு காலத்துல டென்மார்க்கோட பேராயரே இருந்தார்.

1657-ல ஸ்வீடன் ராஜா பத்தாம் கார்ல் குஸ்தாவ் போலந்துப் போர்ல சிக்கிக்கிட்டு இருந்தார். இதுதான் சமயம்னு டென்மார்க் போர் அறிவிச்சது. அவரோ போலந்தை விட்டுட்டு, ஜெர்மனி வழியா வந்து டென்மார்க்கோட தீபகற்பமான யூட்லாந்துல புகுந்துட்டார். ஆனா தலைநகர் கோபன்ஹேகன் இருக்கிறது சீலாந்து தீவுல. நடுவுல கடல். டென்மார்க் நம்பி இருந்ததே அந்தக் கடலைத்தான்.

[திரையில்: உறைந்த நீரிணை, இரவு]

அந்தக் குளிர்காலம் கடல் உறைஞ்சு போச்சு. 1658 ஜனவரி கடைசியில (பழைய நாட்காட்டிக் கணக்கு) படை முதல் நீரிணையைப் பனிக்கட்டி மேலயே கடந்தது. ரெண்டு குதிரைப்படைப் பிரிவு கட்டி உடைஞ்சு உள்ளே போயிடுச்சு. அதைப் பார்த்த பிறகும் ராஜா நிக்கல.

அடுத்தது பெரிய பெல்ட் நீரிணை, இன்னும் அகலம். எரிக் டால்பெர்க்னு ஒரு பொறியாளர் முன்னாடியே போய்க் கட்டி தாங்குமான்னு பார்த்துட்டு வந்தார். பிப்ரவரி 5 ராத்திரி படை கிளம்புச்சு. வீரர்கள் குதிரையை விட்டு இறங்கி, கடிவாளத்தைப் பிடிச்சுக்கிட்டு, இடைவெளி விட்டு நடந்தாங்க. ஆயிரக்கணக்கான குளம்பு மிதிச்சதுல பனி கூழாகி, கட்டி மேல தண்ணி தேங்கிடுச்சு. இருட்டுல, காலை நனைக்கிறது தேங்கின தண்ணியா, திறந்த கடலான்னு எப்படித் தெரியும்?

ஒரே வாரத்துல சீலாந்துக்கு வந்துட்டாங்க. அந்த மாசமே ரோஸ்கில்டே ஒப்பந்தம். டென்மார்க் தன் நிலத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கை விட்டுக்கொடுத்தது. 1660-ல போர்ன்ஹோல்ம் தீவும், அப்போ டென்மார்க் ராஜா கையில இருந்த நார்வேயோட ட்ரோண்ட்ஹெய்ம் பகுதியும் திரும்பி வந்துச்சு. ஸ்கோனே வரல.

[திரையில்: லுண்ட் தேவாலயம்]

எனக்கு ராஜாக்களை விட ஸ்கோனே ஜனங்கதான் மனசுல நிக்கிறாங்க. அவங்க வீடு மாறல, வயல் மாறல, நாடு மட்டும் மாறிடுச்சு. பழைய சட்டமும் உரிமையும் அப்படியே இருக்கும்னு ஒப்பந்தத்துலயே எழுதியிருந்தது. அந்த வாக்கு நிக்கல. 1666-ல லுண்ட்ல ஸ்வீடன் ஒரு பல்கலைக்கழகம் தொடங்குச்சு. 1676-ல டென்மார்க் படையோட திரும்பி வந்தப்போ, காட்டுக்குள்ள இருந்து ஸ்வீடனை எதிர்த்தவங்களும் உண்டு. 'ஸ்னாப்ஹானே'ன்னு பேரு, பிடிபட்டவங்களுக்குக் கொடூரமான மரண தண்டனை. 1679-ல போர் முடிஞ்சும் எல்லை நகரல. 1680-கள்ல இருந்து தேவாலயத்துல பாட்டும் வேதபாடமும் ஸ்வீடிஷ் மொழிக்கு மாறுச்சு.