மேடை ஏறாத நாட்களில்

(வண்ணாரப்பேட்டையில் வாசகர் வட்டக் கூட்டமொன்றில் நாடக நடிகர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். வெளியே எம்.சி. ரோடு இப்படிக் களைகட்டியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை மாலையில், துணி எடுக்கப் போகாமல் நாடகம் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். எனக்கே ஆச்சரியம்தான்.

நாடகம் இல்லாத நாட்களில் நான் சும்மா இருப்பதாக என் வீட்டிலேயே ஒரு எண்ணம் உண்டு. மேடையில் இரண்டு நாள் நிற்பதற்கு முன்னால் மாதக்கணக்கில் நடப்பதுதான் எங்கள் வேலை. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் வாசிப்பு. புதுப் பிரதி வந்தால் வட்டமாக உட்கார்ந்து படிப்போம். அரங்கமெல்லாம் கிடையாது, யார் வீட்டு மொட்டைமாடி காலியோ அங்கே. யாருக்கு என்ன வேடம் என்று அன்றைக்குச் சொல்ல மாட்டோம். ஆளுக்கொரு வசனம், வரிசையாக. கிழவர் பேச வேண்டியது கல்லூரி மாணவிக்கு வரும். நடித்துப் படிக்கக் கூடாது என்பது எங்கள் குழுவில் சட்டம். புதிதாக வருகிறவர்களுக்கு இதுதான் கஷ்டம். தாளைக் கையில் வாங்கியதும் குரல் தழுதழுக்கத் தொடங்கிவிடும். முதல் நாளே அழுதுவிட்டால் அந்த அழுகை வசனத்தோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எத்தனை ஒத்திகை போட்டாலும் உரிக்க முடியாது.

ராயபுரத்தில் ஒரு வாசிப்பு. ஊரை விட்டுப் போகப்போகும் மகனிடம் தாய் "சாப்ட்டுட்டுப் போ" என்கிறாள். ஒருவர் அது பாசம் என்றார், இன்னொருவர் அதட்டல் என்றார். நான், மகனைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கும் சாக்கு என்றேன். விவாதம் சூடாகிவிட்டது. கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மா திரும்பிப் பார்த்தார். "பாசமும் இல்ல, ஒண்ணும் இல்ல தம்பி. துட்டு கேக்கப் போறா, அதான் சோறு போடறா." அவ்வளவுதான், துணியை மடிக்கப் போய்விட்டார். அந்தக் காட்சி அதோடு மாறியது. தாய் மகன் முகத்தைப் பார்க்கவே மாட்டாள். குழம்பை ஊற்றிக்கொண்டே இருப்பாள், போதும் என்று அவன் சொன்ன பிறகும். எழுதியவருக்கே அது தோன்றியிருக்கவில்லை.

ஒரு காலத்தில் நம் பிரதிகளைப் போலீஸ்காரர்களும் படித்தார்கள். 1954இல் வந்த நாடக நிகழ்த்துதல் சட்டத்தைக் காட்டிப் பிரதியை முன்கூட்டியே கேட்பார்கள். பரீக்‌ஷா நாடகக் குழுவை நடத்திய ஞாநி வழக்குப் போட்டு, 2013இல் உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்றது. இப்போது வீட்டுக்கார அம்மா படித்தால் போதும்.

அடுத்து பட்டறை. 1977இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பட்டறை 70 நாள். 1980இல் வங்காள நாடகக்காரர் பாதல் சர்க்கார் சென்னையை ஒட்டிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு வந்து நடத்திய பட்டறை தமிழ் நவீன நாடகத்தில் பலருடைய போக்கையே மாற்றியது. இன்று ஒரு பள்ளியில் இரண்டு மணி நேரம் கேட்டால், "பரீட்சை வருது சார்" என்கிறார்கள். கிடைத்த இரண்டு மணி நேரத்தில் நான் குரலைத்தான் எடுத்துக்கொள்வேன். தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. மூச்சு தீர்ந்து அந்தக் கடைசியை விழுங்கிவிட்டால், வந்தானா, வரவில்லையா என்பது மூன்றாவது வரிசைக்கே போய்ச் சேராது. காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு இதை நான் கற்றுத்தர வேண்டியதில்லை. விடிகாலையில் மீன் ஏலம் கேட்டு வளர்ந்தவர்கள். ஏலம் விடுபவர் தொண்டையைக் கிழித்துக்கொள்வதில்லை. விலையைச் சொல்லும்போது வார்த்தையின் வால்வரை வயிற்றிலிருந்து காற்று கொடுக்கிறார். நான் பட்டறையில் சொல்லித்தருவதில் பாதி அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

பிறகு, மற்ற கலைஞர்களோடு சேர்ந்து வேலை செய்வது. கூத்துப்பட்டறை என்ற நவீன நாடகக் குழுவில் எழுத்தாளர் ந. முத்துசாமியும் தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானும் சேர்ந்து செய்ததை எல்லோரும் பெருமையாகப் பேசுகிறோம். பேசுவது சுலபம். எங்கள் நாடகமொன்றில் ஒரு கானா பாடகர் இருந்தார். சாவு வீட்டில் விடிய விடியப் பாடிப் பழகியவர், எதிரே இருப்பவர்கள் இளகும்வரை நிறுத்தவே மாட்டார். நாங்களோ பாட்டு முடிந்ததும் வசனம் என்று குறித்துவைத்து நிற்கிறோம். ஒரு நாள் மூன்று சரணம், மறுநாள் ஆறு. இயக்குநர் சரணத்தை எண்ணச் சொன்னார். பாடகர் எண்ணவில்லை, அவரை எண்ணச் சொன்னதும் சரியில்லை. கடைசியில் ஏற்பாட்டைத்தான் மாற்றினோம்: டோலக்கின் மேல் அவர் உள்ளங்கை படிந்து நின்றால் எங்கள் முறை. நான் வசனத்தை மறந்துவிட்டு அவர் கையையே பார்க்கக் கற்றுக்கொண்டேன். அந்த நாடகத்தில் என் நடிப்பு நன்றாக இருந்தது என்று யாராவது சொன்னால், அதற்குக் காரணம் அந்தக் கை.

தென் மாவட்டங்களில் ஸ்பெஷல் நாடகக்காரர்கள், அதாவது குழுவாக இல்லாமல் ஆளாளுக்குத் தனித்தனியாக அழைக்கப்பட்டு வந்து ஆடுகிறவர்கள், ஒத்திகையே இல்லாமல் ஆடுகிறார்களே, உங்களுக்கு மட்டும் ஏன் மாதக்கணக்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. வள்ளி திருமணம் அவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அன்று மாலை சந்தித்து அன்றிரவே மேடையில் பாத்திரங்களாக நின்று தர்க்கம் செய்யலாம். எங்கள் பிரதி ஒவ்வொரு முறையும் புதுசு.

காசு? வாசிப்புக்குக் கிடையாது, ஒத்திகைக்கும் பெரும்பாலும் கிடையாது. டப்பிங், சீரியலில் சின்ன வேடம், ஐ.டி. கம்பெனியில் கண்ணாடிப் பயிற்சி. மேனேஜரும் டீமும் எதிரெதிரே நின்று ஒருவர் அசைவதுபோல் மற்றவர் அசைய வேண்டும். மேனேஜரைப் பின்பற்றுவதில் அவர்களுக்கு நல்ல பழக்கம். தமிழ் நாடக முன்னோடி பம்மல் சம்பந்த முதலியாரும் பகலில் வழக்கறிஞர்தான், பிறகு நீதிபதி. அந்த வகையில் எனக்குக் குறை இல்லை.

குறை வேறு. சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபை என்ற நாடகக் குழு நாடகம் போட்ட விக்டோரியா பப்ளிக் ஹால் சென்ட்ரலை ஒட்டி இருக்கிறது. ஒற்றைவாடை நாடகக் கொட்டகை வால்டாக்ஸ் ரோட்டில் இருந்தது. நாடகம் இந்த வடசென்னைப் பக்கத்துச் சமாசாரம். இன்றைக்கோ எண்ணூரிலும் பெரம்பூரிலும் இருக்கும் நடிகர்கள் ஷிப்ட் முடித்து, ஒத்திகைக்குத் தெற்கே ஆழ்வார்பேட்டை போய்வர வேண்டியிருக்கிறது. இங்கே கல்யாண மண்டபத்துக்குப் பஞ்சமில்லை. அந்த வாடகைக்கு நாங்கள் கல்யாணமே செய்துவிடலாம்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பூட்டிக் கிடக்கும் மாநகராட்சிப் பள்ளிக்கூட ஹால்களில் ஒன்றை, வாரத்தில் மூன்று நாள் திறந்துவிடுங்கள் என்று மனு எழுதியிருக்கிறோம். பெருக்கி, மின்விசிறியை அணைத்து, சாவியை வாட்ச்மேனிடம் கொடுப்பது எங்கள் பொறுப்பு என்றும் எழுதியிருக்கிறது. வாசல் மேசையில் இருக்கிறது, போகும்போது கையெழுத்துப் போடுங்கள். தெருப் பெயரையும் எழுதுங்கள். இந்த வட்டாரத்து ஆட்கள்தான் கேட்கிறார்கள் என்று மாநகராட்சிக்குத் தெரிய வேண்டும்.